வைக்கோல், சாணம், வயல் சேறு: கடலடிக் கொதிநீர் நுண்ணுயிர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் புரியவைப்பது எப்படி

கடலுக்கு அடியில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், வெளிச்சமே எட்டாத இடத்தில், 100 டிகிரிக்கு மேல் சூடான நீரிலும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். நம் டெல்டாவில் இருந்துகொண்டே இதைத் தொட்டுக் காட்ட வழி இருக்கிறது. அந்த உயிர்களிடம் இரண்டு விசேஷங்கள் உண்டு. கொதிக்கும் சூட்டைத் தாங்கி அதிலேயே வளர்வது ஒன்று. சூரிய ஒளியும் ஆக்சிஜனும் இல்லாமல், ஹைட்ரஜன், கந்தகம், இரும்பு இவற்றை வைத்தே பிழைப்பது இன்னொன்று. முதலாவதின் கீழ்ப்படியை கொல்லையில் போடும் வைக்கோல்-சாணக் குவியலில் தெர்மாமீட்டர் சொருகிப் பார்க்கலாம். இரண்டாவதை வயல் சேற்றிலிருந்து குமிழியாகப் பாட்டிலில் பிடிக்கலாம். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கடலடியில் நடப்பது என்ன என்று முழுசாகப் புரியும், தனித்தனியாகச் சொன்னால் புரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

காலத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பா பயிர் நிற்கும்போது, கார்த்திகை-மார்கழியில், சேற்றுச் சோதனை. அறுவடை முடிந்து வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும் தை, மாசியில் குவியல். ஐப்பசி அடைமழையில் குவியல் போட்டால் தண்ணீர் இறங்கி ஊறி, சூடே ஏறாமல் அழுகி நாறும், அதனால் அந்தக் காலத்தை விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டுக்கும் முன்னால் சுவரில் ஓர் அளவுகோல் வரையுங்கள், இது ஒரு மணி நேர வேலைதான். தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. 37-இல் நம் உடம்பு. 62, 65 வாக்கில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகும் இடம். 70-இல் தெர்மஸ் அக்குவாட்டிகஸ், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் என்பவர் 1960களில் கண்டுபிடித்த பாக்டீரியா. 100-இல் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ், இத்தாலியின் வல்கானோ தீவுக் கரையோரக் கடலில் கிடைத்தது, தண்ணீர் கொதிக்கும் அந்த அளவில்தான் அதற்கு வளர்ச்சி ஜோர். 113-இல் பைரோலோபஸ் ஃபுமாரி, அட்லாண்டிக் கடலடி. 121-இல் 'ஸ்ட்ரெயின் 121' என்று பெயர் வைத்த நுண்ணுயிர், அதன் கதை பின்னால் வரும். 122-இல் மெத்தனோபைரஸ் காண்ட்லெரி, இதுவரை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டப்பட்ட உயிர்களில் உச்சம். 122 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். ஒரு பிள்ளையைச் சுவரோடு நிற்கவைத்து, உயிர் வாழும் எல்லை உன் உச்சந்தலை வரைக்கும்தான் என்று சொல்லிப் பாருங்கள், அது மறக்காது.

அந்தச் சுவரிலேயே ஒரு தப்பையும் திருத்திவிடலாம். கடலடிப் புகைபோக்கிகளிலிருந்து 350 டிகிரிக்கு மேல் சூடான நீர் பீறிடுகிறது என்பது உண்மை, ஆனால் அந்த 350 டிகிரியில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று நிறையப் பேர் எழுதிவைத்திருக்கிறார்கள், அது சரியில்லை. 350 சென்டிமீட்டர் என்பது மூன்றரை மீட்டர், நம் வகுப்பறைக் கூரையையே முட்டும். நம் பட்டியல் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்படியானால் அவை எங்கே இருக்கின்றன? கடல்நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, கீழே உள்ள பாறைக் குழம்பின் சூட்டில் காய்ந்து, வழியில் உலோகங்களையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. 2 டிகிரி குளிரில் இருக்கும் கடல்நீரைத் தொட்டவுடன் கரைந்திருந்த தாதுக்கள் படிந்து கறுப்புப் புகை போலத் தெரிகின்றன, படிந்து படிந்து குழாயாகவும் எழும்புகின்றன. அந்தக் குழாயின் சுவர் நம் செங்கல் சூளைச் சுவர் மாதிரி, உள்பக்கம் நெருப்பு, வெளிப்பக்கம் கை வைக்கலாம். சில சென்டிமீட்டர் கனத்துக்குள் 350-இலிருந்து 2 வரை எல்லா வெப்பநிலையும் அடுக்கடுக்காக இருக்கும். சுவரின் நுண்துளைகளுக்குள் அவரவருக்குப் பிடித்த சூட்டில் அவரவர் குடியிருக்கிறார்கள்.

சரி, குவியலுக்கு வருவோம்.

தேவையானவை: வைக்கோல், பசுஞ்சாணம், பச்சை இலைதழை, தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42, 43 டிகிரியோடு நின்றுவிடும், அது ஆகாது. சமையலுக்கு விற்கும் நீளக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை, பள்ளி ஆய்வகத்தில் 110 டிகிரி வரை அளக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தால் அதை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டியும் பயன்படுத்தலாம். கடப்பாரை வைத்து முதலில் துளை போட்டுவிட்டு அதற்குள் இறக்குங்கள், நேராகக் குத்தினால் கண்ணாடி உடையும்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது மூன்றடி இருக்க வேண்டும், நான்கடி இருந்தால் இன்னும் நல்லது. இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். சின்னக் குவியலில் உண்டாகும் சூடு ஓரங்கள் வழியாகவே வெளியேறிவிடும், நடுவில் தங்காது. வைக்கோலை அரையடித் துண்டுகளாக வெட்டி முதல் நாள் இரவே தண்ணீரில் நனைத்து வையுங்கள். காய்ந்த வைக்கோலின் மேல் தண்ணீர் ஊற்றினால் வழுக்கி ஓடிவிடும், உள்ளே இறங்காது. அப்புறம் அரையடி வைக்கோல், அதன் மேல் சாணக் கரைசல், அதன் மேல் ஒரு கை கனத்துக்குப் பச்சை இலை, மறுபடி வைக்கோல் என்று அடுக்கிக்கொண்டே போங்கள். இலைக்கு கிளிரிசிடியா, பூவரசு, அகத்தி எது இருந்தாலும் சரி. வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகாயத்தாமரையைக்கூட இரண்டு நாள் வாடப்போட்டுச் சேர்க்கலாம், அதில் நீர்ச்சத்து ரொம்ப அதிகம் என்பதால் அளவோடு.

வைக்கோலில் கார்பன் நிறைய, நைட்ரஜன் ரொம்பக் கம்மி. நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருப்பது நுண்ணுயிர்களுக்கு ஏற்ற சாப்பாடு. சாணமும் பச்சை இலையும் அந்தக் குறையை ஈடுகட்டத்தான். ஈரம் சரியா என்று பார்க்க உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் இன்னும் தெளிக்க வேண்டும். மேலே பழைய சாக்கு அல்லது தென்னங்கீற்று போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், காற்று போகாது.

இனி அளக்கும் வேலை. தினமும் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில், மூன்று இடத்தில்: நட்டநடுவில் ஒன்றரை அடி ஆழம், ஓரத்திலிருந்து அரையடி, பக்கத்து நிழலில் வெறும் காற்று. மூன்றையும் பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும். ஓரிரு நாளில் நடுப்பகுதி 40-ஐத் தாண்டும். அதுவரை வேலை செய்தவை நம் உடம்புச் சூட்டைப் போன்ற மிதமான சூட்டில் வாழும் சாதாரண நுண்ணுயிர்கள். அவை தின்னும்போது வெளியிட்ட சூடு குவியலுக்குள்ளேயே சேர்ந்து, கடைசியில் அவற்றாலேயே அங்கே இருக்க முடியாமல் போகிறது. 45 வாக்கில் சூட்டை விரும்பும் இன்னொரு கூட்டம் தலையெடுக்கிறது. மூன்றாம் நான்காம் நாளில், எல்லாம் சரியாக இருந்தால், 60-ஐத் தொடும். சில குவியல் 65, 70 வரைகூடப் போகும். மாசி மாதத்து விடிகாலையில் குவியலைக் கொஞ்சம் விலக்கினால் ஆவி குபுகுபுவென்று வரும், கடப்பாரையைப் பத்து நிமிடம் சொருகிவைத்து உருவினால் அதன் நுனியைக் கையில் பிடிக்க முடியாது. ஒரு கோழிமுட்டையைத் துணியில் சுற்றி அந்த நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள், 60-க்கு மேல் சில மணி நேரம் நின்றால் வெள்ளைக்கரு இறுக ஆரம்பித்திருக்கும். சாப்பிடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. முட்டையின் புரதம் சுருண்டு இறுகும் அதே சூட்டில், அதே இடத்தில், இன்னோர் உயிர் சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வாரம் தாண்டியதும் சூடு இறங்கத் தொடங்கும். ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். அப்போது கிளறிப் புரட்டிப் போடுங்கள், ஓரத்தில் இருந்தது நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் வருகிற மாதிரி. மறுநாளே மறுபடி ஏறும். புரட்டும்போது உள்ளே வைக்கோல் மேல் வெள்ளையும் சாம்பலுமாக மாவு படிந்த பகுதிகள் தெரியும். அது பூஞ்சை என்று பலரும் நினைப்பார்கள், பெரும்பாலும் அது ஆக்டினோமைசீட் என்னும் பாக்டீரியாக் கூட்டம், கொஞ்சம் வெப்பப் பூஞ்சைகளும் கலந்திருக்கும். மழை பெய்த மண் வாசனை வந்தால் அதுவும் இவற்றின் வேலையே. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் சாணமும் இலையும் அதிகமாகிவிட்டது, வைக்கோல் சேருங்கள்.

இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வெள்ளைப் பொடியை மூச்சோடு இழுத்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வரும். பூசணம் பிடித்த வைக்கோலில் வேலை செய்வோருக்கு வரும் 'விவசாயி நுரையீரல்' என்ற நோய்க்கு இந்த வெப்ப ஆக்டினோமைசீட்டுகள் முக்கியமான காரணம். புரட்டும்போது மாஸ்க் போடுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். ஓரங்களில் இதமான சூடு இருப்பதால் பாம்பு வந்து படுக்கவும் வாய்ப்பு உண்டு, நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் நம் பக்கம் சாதாரணம், கம்பால் தட்டிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். வைக்கோல் போர் பக்கத்திலோ கூரைக்குப் பக்கத்திலோ குவியல் போடாதீர்கள். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே வெந்து கறுத்துப்போகும் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். அதே நுண்ணுயிர்ச் சூட்டில் தொடங்கி, பெரிய போர்கள் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு.

குவியலை வைத்துக் கடலடியை விளக்கும்போது ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் தப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். குவியலில் சூட்டை உண்டாக்குவதே நுண்ணுயிர்கள். கடலடியில் அப்படி இல்லை, சூடு பூமியிலிருந்து வருகிறது, நுண்ணுயிர்கள் அதில் குடியேறியவை மட்டுமே. குவியலில் ஆக்சிஜன் தீர்ந்தால் ஆட்டம் நின்றுபோகிறது, புகைபோக்கிச் சுவருக்குள் இருக்கும் பல இனங்களுக்கு ஆக்சிஜன் விஷம்.

அடுத்த கேள்வி உடனே வரும்: 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகிவிடுமே, 122 டிகிரியில் எப்படித் தண்ணீராக இருக்கும்? அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும், இதைக் காட்டச் சமையலறை குக்கர் போதும். வெயிட் தூக்கி விசில் அடிக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சூடு 120 டிகிரி வாக்கில். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,500 மீட்டரில் 250 மடங்கு. அதனால்தான் அங்கே 350 டிகிரி நீரும் கொதித்து ஆவியாகாமல் நீராகவே பீறிடுகிறது. குக்கரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே அடுப்பில் வைத்துக் காட்டினால் போதும்.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவும் இதே தத்துவம்தான், 121 டிகிரி, வழக்கமாகப் பதினைந்து நிமிடம். அந்த இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து எடுப்பார்கள், அவை செத்திருந்தால் மற்றதெல்லாம் செத்திருக்கும் என்று கணக்கு. இந்தப் பாக்டீரியா மக்கும் குவியலில் வாழ்வதுதான், உங்கள் கொல்லையிலும் இருக்க நிறைய வாய்ப்பு. ஆனால் அது 100-க்கு மேல் தாங்குவது வித்தாக உறங்கும் நிலையில் மட்டும், அந்தச் சூட்டில் அது பெருகுவதில்லை. 2003-இல் காசெம் கஷேஃபியும் டெரிக் லவ்லியும் அறிவித்த ஸ்ட்ரெயின் 121 வேறு ரகம். பசிபிக் கடலடியின் ஹுவான் டி ஃபூகா முகட்டிலிருந்து எடுத்த அந்த உயிர், ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் 24 மணி நேரத்தில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியது. அது ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பு ஆக்சைடைச் சுவாசத்துக்குப் பயன்படுத்துகிறது. சூட்டைத் தாங்கி உயிரோடு இருப்பதும் சூட்டில் பெருகுவதும் ஒன்றல்ல. சுவர் அளவுகோலில் நாம் குறித்தவை எல்லாம் பெருகும் சூடு.

ஏன் வேகாமல் இருக்கின்றன? இவற்றின் புரதங்களில் உள்பிணைப்புகள் அதிகம், நெருக்கமாக மடிந்திருக்கும், லேசில் அவிழாது. மேல்சவ்வின் கொழுப்புகள் நம்முடையவற்றைப் போல எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பில் இல்லாமல், அதைவிட உறுதியான ஈதர் பிணைப்பில் இருக்கின்றன, பல இனங்களில் இரண்டு அடுக்கும் ஒன்றாக இணைந்து ஒரே தகடாகவே ஆகிவிட்டன, பிரிந்து வர இடமில்லை. டிஎன்ஏ இழைகள் சூட்டில் பிரிந்துவிடாமல் கூடுதலாக முறுக்கிவைக்க 'ரிவர்ஸ் கைரேஸ்' என்று தனி நொதி வைத்திருக்கின்றன. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்லலாம், சின்னவர்களுக்கு முட்டையே போதும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் மூக்கைக் காட்டி எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கும் அடிப்படை இந்தத் தாங்கும் திறன்தான். டிஎன்ஏவைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அதில் கெடாமல் நின்று நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதி, சுவரில் 70-இல் குறித்த தெர்மஸ் அக்குவாட்டிகஸிலிருந்து வந்தது. பிசிஆர் முறையைக் கண்டுபிடித்த கேரி மல்லிஸுக்கு 1993-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி சேறு. குவியல் காட்டாத பாதியை இது காட்டும்.

சம்பா வயலில் களையெடுக்க இறங்கும்போது கால் புதைந்த இடத்தில் பொளபொளவென்று குமிழி வருவதை நம் ஊரில் பார்க்காதவர் கிடையாது. அதில் பெரும்பங்கு மீத்தேன். அதை உண்டாக்குபவை மெத்தனோஜென்கள், பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்னும் தனி உயிர்க்கிளை. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் உயிரினங்களின் மூன்றாவது பெரும்பிரிவாக ஆர்க்கியாவை அடையாளம் கண்டது இந்த மெத்தனோஜென்களை ஆராய்ந்ததில்தான். அதே 1977-இல்தான் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கிய நிலவியலாளர்கள், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றையும் அதைச் சுற்றிச் சிப்பிகளும் குழாய்ப் புழுக்களுமாக உயிர்க் கூட்டத்தையும் கண்டார்கள். அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை, அங்கே உயிர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 350 டிகிரியைத் தாண்டிய கறுப்புப் புகைபோக்கிகள் அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1979-இல், மெக்சிகோவுக்கு மேற்கே கிடைத்தன.

குமிழியைப் பிடிப்பது சுலபம். ஒரு சாண் ஆழமாவது தண்ணீர் தேங்கி நிற்கும் வயல் மூலை, வடிகால் ஓரம், குட்டை எதுவானாலும் சரி, பயிரை மிதிக்காமல் கை எட்டும் இடமாகப் பாருங்கள். ஒரு பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றே இல்லாமல் நிரப்பி, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, வாயில் புனலைச் செருகுங்கள். புனலின் அகன்ற பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். புனலுக்கு நேர் கீழே சேற்றைக் குச்சியால் குத்திக் கிளறினால் குமிழிகள் ஏறி, பாட்டிலுக்குள் தண்ணீரைக் கீழே தள்ளி மேலே சேரும். கால் பாட்டில் சேர்ந்ததும் தண்ணீருக்குள் வைத்தே மூடியைத் திருகிவிடுங்கள். 1776-இல் இத்தாலியில் வோல்டா என்ற விஞ்ஞானி, மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து இப்படித்தான் இந்த வாயுவைச் சேகரித்தார். எரிகிறதா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம், காற்றோடு கலந்தால் பாட்டிலே வெடிக்கும்.

பக்கத்திலேயே தண்ணீர் வடிந்து வெடிப்பு விட்ட வயலில் ஈரமான இடத்தைக் குத்திப் பாருங்கள், குமிழி வராது. மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்கியதும் மெத்தனோஜென்கள் வேலையை நிறுத்திவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும் என்று வேளாண் துறையினர் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இப்போது சுவரில் 122-ஐக் காட்டுங்கள். மெத்தனோபைரஸ் காண்ட்லெரி ஒரு மெத்தனோஜென், உங்கள் பாட்டிலில் வாயு நிரப்பியவற்றின் உறவுக்காரர். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்குவதில் கிடைக்கும் சக்தியில்தான் அது உயிர் வாழ்கிறது, வயல் சேற்றில் பல இனங்கள் செய்யும் அதே வேலை. 2008-இல் ஜப்பானின் கென் தகாய் குழுவினர் வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு அழுத்தத்தில் அதை 122 டிகிரியில் பெருகவைத்துக் காட்டினார்கள். அந்தக் குறிப்பிட்ட வகை எடுக்கப்பட்ட இடம் நம் இந்தியப் பெருங்கடல்தான், மொரீஷியஸுக்குத் தென்கிழக்கே கைரேய் என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதி. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 2024 டிசம்பரில் இதே பெருங்கடலில், 4,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்தன. அதே சென்னை நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியையும் உருவாக்கிவருகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களில் ஒருவர் நாளைக்கு அதில் இறங்கலாம்.

இரண்டு கேள்விகள் எப்படியும் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். இந்தக் கிருமி நமக்கு நோய் தருமா? தராது, ஆர்க்கியாவில் மனிதருக்கு நோய் உண்டாக்குவது என்று உறுதியான ஒன்றும் இதுவரை இல்லை, அதிலும் இவற்றுக்கு நம் 37 டிகிரியில் வளரவே முடியாது. சாதாரண வெந்நீரில் போட்டால் வளருமா? சுவரில் 113-இல் இருக்கும் பைரோலோபஸ் 90 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும், அதற்கு அது குளிர். 90-இலிருந்து 113 வரை ஒரு வண்ணக் கோடு போட்டுவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு உயிருக்கும் இப்படி மேல் எல்லையோடு கீழ் எல்லையும் உண்டா என்று பிள்ளைகளே தேடிப் போட ஆரம்பிப்பார்கள்.

குவியல் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாகி, காற்றின் சூட்டுக்கே இறங்கிவிடும். சித்திரை கோடை உழவுக்கோ குறுவை நாற்றங்காலுக்கோ தாராளமாகப் போடலாம். தினமும் எழுதிய அளவுகளை வரைபடமாக்கி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கீழே எந்த நாள் புரட்டினோம் என்று குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த தையில் மூன்றடிக் குவியல் ஒன்றும் ஒன்றரை அடிக் குவியல் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டின் கோட்டையும் ஒரே தாளில் வரைய வையுங்கள்.